காலி என்று சொல்லப்பட்ட இரண்டு துப்பாக்கிகள்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் தாங்களே கண்டுபிடித்ததாக மார்தட்டிக்கொள்ள வேண்டாம். வேலை பார்த்த காலம் முழுக்கப் பயந்துகொண்டேதான் பார்த்தேன். முதலில் திருவள்ளூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழுது பார்க்கிற வேலை. பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது அங்கே ஒன்றில் ஃபிட்டர். கையில் பத்து விரலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என்னோடு வேலை பார்த்த வீராதிவீரர்கள் சிலருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சமீபத்தில் பாதுகாப்பு வாரம் என்று பழைய தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அப்புறம் மிஷின்கள் ஓடுகிற ஷாப்பைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். ஒரு பிரஸ் மிஷினுக்குள் இளம் இன்ஜினியர் ஒருவர் தோள்வரை கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. பக்கத்தில் போய், "தம்பி, இங்க டீ எங்க கெடைக்கும்?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கையை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பி, கேன்டீனுக்கு வழி சொன்னார். "பவர் ஆஃப்ல இருக்கா தம்பி?" என்றேன். "ஆஃப்தான் சார், ஆபரேட்டர் சொன்னாரு" என்றார். "அவருக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அங்கே வேலை பார்க்கிற பையன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் சார் அந்த நேரத்தில் போய் டீ கேட்டீர்கள், ஏன் அப்படி வியர்த்தது என்று. நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அறுபதுகளில் நான் செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலேறித் திருவள்ளூர் போவேன். கடை சின்னது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் பட்டறை. முதலாளி மெட்ராஸில் இருந்தார், வாரத்துக்கு ஒரு தரம் தலையைக் காட்டுவார். பட்டறை முழுக்கக் காசிம் பாயின் ராஜ்ஜியம். பழவேற்காட்டில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். சங்கும் கருவாடும் விற்கப் பிடிக்காமல் இரும்பைக் கட்டிக்கொண்டேன் என்று அவரே சொல்லுவார்.

எங்களிடம் வந்தவற்றில் முக்கால்வாசி வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ஒற்றைக் குழல் துப்பாக்கிகள். காட்டுப்பன்றியிடமிருந்து விளைச்சலைக் காப்பாற்ற என்று லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் வைத்திருந்தவை. அதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டா கிடையாது. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் தேங்காய் நாரை உருட்டிப் போட்டு, கஜக்கோல் என்கிற நீளக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். பிறகு ஈய ரவை. அதற்கு மேலே இன்னொரு நார். அடிப்பக்கம் ஒரு சின்ன மூக்கு இருக்கும், நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை. நாங்கள் நிப்பிள் என்போம். அதன் தலையில் தாமிரத் தொப்பி மாதிரி ஒரு கேப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தியல் வந்து கேப்பை அடிக்கும், தீப்பொறி அந்த ஓட்டை வழியாக மருந்துக்குப் போகும். தோட்டாத் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இதைத் திறக்கவே முடியாது. வெளியே பார்த்தால் காலியும் ஒன்றுதான், கெட்டித்ததும் ஒன்றுதான். எனக்குப் பயம் அங்கேதான் தொடங்கியது.

வேலை கற்ற வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துருவைத் தேய்த்தேன், எண்ணெய் போட்டேன், திட்டு வாங்கினேன். காசிம் பாயின் திட்டு சத்தமாக இருக்காது. அவர் உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. யாராவது துப்பாக்கியை நீட்டினால் கை நீட்டி வாங்க மாட்டார். "கீழ வைங்க, நான் எடுத்துக்கிறேன்" என்பார். பெரிய மிராசுதாராக இருந்தாலும் அதே பேச்சுதான். குழல் வாயை அவர் 'கண்ணு' என்பார். பட்டறையில் வேலை நடக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டே, "சுந்தரம், கண்ணு எங்க பாக்குது?" என்று கேட்பார். மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று மூலையில் இருந்தது. அதைத் தவிர வேறு பதில் சொன்னால் அன்றைக்கு எனக்கு வேலை கிடையாது, போய் வாசலில் உட்கார வேண்டியதுதான். அப்புறம் சாப்பாடு. யார் கொடுத்தாலும் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து வரும் டிபன் கேரியர் மட்டும்தான்.

ஒருநாள் ஒரு மீசைக்காரர் கடைக்குள் துப்பாக்கியோடு நுழைந்து, யாரையோ பார்க்கத் திரும்பினார். குழல் என் மூக்குக்கு நேராக வந்தது. நான் 'ஐயோ' என்று அலறிவிட்டேன். மனுஷன் பதறிப்போய் என் பக்கமே திரும்பினார், குழல் இன்னும் கிட்டே வந்தது. அது காலி, ஒன்றும் ஆகவில்லை. அவர் போன பிறகு பாய் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா கத்து கத்துன?"

"பயந்துட்டேன் பாய்."

"பயப்படு. பயந்தாதான் இந்தத் தொழிலு. ஆனா கையில துப்பாக்கி வெச்சிக்கினு இருக்கறவன திடுக்குனு கூப்புடாத. கூப்ட்டா திரும்புவான். அவன் திரும்புனா அதுவும் திரும்பும். விசையில கை இருந்தா கையும் இறுகும். அவனா கீழ வெக்கற மாதிரி பேசு."

எப்படிப் பேசுவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது புரிந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் குழந்தை. கையில் பழம்புடவையில் சுற்றிய நீளமான மூட்டை. பேர் கன்னியம்மா. ஊர் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆந்திர எல்லையோரம். விடியலில் கிளம்பி, பெரியபாளையத்தில் பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"இது வெடிக்க மாட்டேங்குது பாய். எங்க ஊட்டுக்காரு குடுத்தனுப்புனாரு" என்றாள்.

"அவரு வரலையா?"

"கால் மடங்கிக்கிச்சு. கடலைக் கொல்லையில பன்னி பூந்துடுச்சு. சுட்டாரு, டப்புனு கேப்பு மட்டும் அடிச்சுது, ஒன்னியும் வெடிக்கல. பன்னி நேரா வந்து இவரு குந்தியிருந்த காவல் பரணையே முட்டுச்சு. பரண்லேர்ந்து குதிச்சாரு, கால் போச்சு."

லைசென்ஸ் காகிதத்தை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூட்டையை நீட்டினாள். "கீழ வைம்மா, கண்ணு அந்தப் பக்கம்" என்று பாய் மணல் பீப்பாயைக் காட்டினார். "காலிதான் பாய், பயப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

பாய் புடவையைப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். கட்டை தெரிந்தது, பிறகு குதிரை தெரிந்தது. குதிரைக்கு அடியில் தாமிர நிறத்தில் ஒரு விளிம்பு. கேப்பு. உடையாத புதுக் கேப்பு, அதன் தலைமேல் குதிரை உட்கார்ந்திருந்தது. ஒரு இடி இடித்தால் போதும்.

"எப்டிம்மா எடுத்தாந்த?" பாயின் குரல் மாறவே இல்லை.

"பஸ்ல நிக்க வெச்சுப் புடிச்சிக்கினு வந்தேன். முட்டிங்களுக்கு நடுவுல. கொழந்த வேற தூங்கி வழிஞ்சுது, அதும் மேலயே சாஞ்சிக்கினு வந்துச்சு."

நான் குழந்தையைப் பார்த்தேன். இடது கன்னத்தில் வட்டமாக ஒரு தடம் சிவந்து பதிந்திருந்தது. சரியான வட்டம், குழல் வாயின் அளவு. புடவைத் துணியின் நெசவுகூட அதில் லேசாகத் தெரிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பெரியபாளையம் ரோட்டில் அப்போது பள்ளத்துக்கு நடுவேதான் ரோடு. அந்தப் பள்ளங்களில் எல்லாம் பஸ் குதித்திருக்கும், துப்பாக்கிக் கட்டை பஸ் தரையில் டங்கு டங்கென்று இடித்திருக்கும். குழந்தை அதன் வாயில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறது.

பாயும் பார்த்தார். குழலைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். எழுந்து வந்து, கட்டைவிரலால் அந்தத் தடத்தைத் தடவினார். மெதுவாக, அழித்துவிட முடியும் என்பதுபோல. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பசங்க தூங்கி எழுந்தா அழகுதான். போம்மா, எதுத்தாப்புல டீக்கடையில உக்காரு. நாஷ்டா சாப்புடு. கூப்புட்றேன்" என்றார்.

அவள் போனதும் கதவைச் சாத்தினார். எதிர் டீக்கடை அடுப்பிலிருந்து பொறி வரக்கூடாது. அதற்கு மேல் அவர் செய்த ஒவ்வொன்றும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். துப்பாக்கியை மணல் மூட்டைகளுக்கு நடுவில் அசையாமல் படுக்க வைத்தார், கண் பீப்பாயைப் பார்க்க. இரண்டு பேரும் பின்னால் நின்றோம். கட்டைவிரலால் குதிரையை அழுத்திப் பிடித்து, நழுவாமல் பின்னுக்கு ஏற்றினார். எண்ணெய்ப் பிசுக்கில் விரல் நழுவிப் போனவர்களின் கதைகள் எனக்கு நிறையத் தெரியும். மூங்கில் சீவலால் கேப்பை நெம்பி எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். நிப்பிளில் ஈரத்துணியைச் சுற்றினார். பிறகுதான் மூச்சு விட்டார்.

அடுத்தது கஜக்கோல். குழலுக்கு நேராக நிற்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, இரண்டு விரலால் மட்டும் பிடித்து உள்ளே இறக்கினார். போய் நின்ற இடத்தில் வாயோரம் சாக்பீஸால் கோடு போட்டு வெளியே எடுத்தார். அதே கோலைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தார். காலியாக இருந்தால் கோலின் நுனி நிப்பிளைத் தொட வேண்டும். நாலு விரல் குறைந்தால் உள்ளே ஒரு மருந்து இருக்கிறது. அன்றைக்கு எட்டு விரல் குறைந்தது.

"ரெண்டு" என்றார் பாய்.

முதல் தடவை வெடிக்காதபோது உள்ளே மருந்தே போகவில்லை என்று நினைத்து, அதன்மேலேயே இன்னொரு தடவை கெட்டித்து, புதுக் கேப்பையும் மாட்டி வைத்திருக்கிறார் அந்த மகராசன். வெடித்திருந்தால் குழலே பிளந்துகொண்டு போயிருக்கும். நிப்பிளைக் கழற்றிப் பார்த்தோம். ஓட்டை முழுக்கக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு எல்லா ஆயுதத்துக்கும் பொட்டு வைக்கிறோமே, அதே மாதிரி துப்பாக்கிக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டறையிலும் பூஜை உண்டு. பொரியும் கடலையும் பாய்தான் வாங்கி வருவார். ஆனால் சந்தனம் மரக்கட்டையில் மட்டும்தான் வைக்கலாம், இரும்பில் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இந்த வீட்டில் சாமிக்கு எது முகமோ அங்கே வைத்திருக்கிறார்கள், அதாவது நிப்பிளில். சந்தனம் ஓட்டையை அடைத்ததால்தான் கேப்பு அடித்தும் பொறி உள்ளே போகவில்லை. அதே சந்தனம்தான் குழந்தையையும் காப்பாற்றியது என்று யாராவது பக்திக் கதை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சந்தனத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் போதும், பொறி நுழைய.

குழலுக்குள் தண்ணீர் ஊற்றி மருந்தைச் சாகடித்தோம். ஊறவிட்டு, நுனியில் திருகு வைத்த கோலால் நாரைக் குத்தித் திருகி இழுத்தோம். நார், ரவை, நார், கறுப்புக் குழம்பு. மறுபடியும் நார், ரவை, நார், குழம்பு. வெந்நீர் விட்டுக் கழுவி முடிக்கும்போது மதியமாகிவிட்டது.

கன்னியம்மாவைக் கூப்பிட்டார் பாய். அவளிடம் உள்ளே இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடைப்பு இருந்துச்சு, எடுத்துட்டோம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "சந்தனம் வெச்சிருக்கீங்களே, ஊட்ல வேற துப்பாக்கி இருக்குதாம்மா?" என்றார்.

"எங்க மாமனாருது ஒன்னு இருக்குது. அவரு படுத்த படுக்கைதான், இவரே எடுத்துக்குவாரு. அதுவும் நேத்து அடிச்சுப் பாத்தாரு, அதுவும் வெடிக்கல. மழைக்கு மருந்து நமுத்துப்போச்சு போல. ஒரு கையில கொழந்த, ரெண்டையும் எப்டி தூக்கியாரது? அத்த நானே சரி பண்ணிக்கிறேன்னுட்டாரு."

"எப்டி சரி பண்ணுவாராம்?"

"அடுப்பாண்ட சாத்தி வெச்சா மருந்து காஞ்சிடுமாம். சாயங்காலம் மாமாவுக்கு வெந்நி போடுவாரு, அப்ப காய வெக்கறேன்னாரு. அப்பறம் கோணி ஊசியக் காய்ச்சி ஓட்டையக் குத்தி, வாயால ஊதிப் பாத்துக்கிறேன்னாரு."

பாய் தன் டிபன் கேரியரை எடுத்தார், திறக்காமலே மறுபடி வைத்தார். "சுந்தரம், கோலு, நிப்பிள் சாவி, தண்ணி கேன் எடுத்துக்க. கடைய சாத்து" என்றார்.

"ஊட்டாண்டியே வந்து பாப்பீங்களா?" கன்னியம்மாவுக்கு ஆச்சரியம். "கூலி குடுக்க டப்பு எடுத்தாரலயே பாய்."

"அதெல்லாம் வேணாம்மா. துப்பாக்கி இங்கியே இருக்கட்டும், கெளம்பு போலாம்."

பெரியபாளையம்வரை பஸ்ஸில் எனக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஊருக்கு போன் இருந்த காலமா அது? தந்தி கொடுத்தால் நாளைக்குப் போய்ச் சேரும். கன்னியம்மா கடலை விலையையும் மாமனாரின் இருமலையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டினேன். அவளிடம் சொல்லிவிடலாமே என்று பாயின் காதோடு கேட்டேன். "சொல்லி? பஸ் சீக்கிரம் போவுமா? கொழந்தைய வெச்சிக்கினு அவ இன்னா பண்ணுவா, நெஞ்சு வெடிச்சி சாவா" என்றார். அவர் மடியில் இருந்த கை துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தது.

பெரியபாளையம் தாண்டி, மாறி ஏறிய பஸ் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆற்றில் செம்மண் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடியது. டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்தார். "வடியட்டும், போலாம்" என்றார். வடிய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், ஆற்றைக் கேள் என்கிறார். பாய் கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கன்னியம்மா பின்னால் போனாள். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் முட்டியை இழுத்தது. சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன், ஒருவரையும் விடவில்லை.

அக்கரையில் ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. ஊர் எல்லையில் இறங்கிக் கடலைக் கொல்லை வரப்பில் நடந்தோம். தூறல் விட்டிருந்தது. தூரத்தில் தனியாக ஒரு கூரை வீடு.

"அதான் எங்க ஊடு" என்றாள் கன்னியம்மா. பிறகு சந்தோஷமாக, "தோ, பொகை வருது பாருங்க. அடுப்பு பத்த வெச்சிட்டாரு. போன ஒடனே டீ போட்டுத் தரேன்."

பாய் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று என் கையைப் பிடித்து இறுக்கினார். வேகமாக நடந்தோம். "நீ இங்கியே இரும்மா, கொழந்தைய வெச்சிக்கினு அந்த வேப்ப மரத்தாண்ட நில்லு. ஏன்னு கேக்காத" என்றார். அவள் முகம் அப்போதுதான் மாறியது. ஆனால் நின்றாள்.

வாசலில் போய் நின்றோம். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ரத்தினம், அவள் புருஷன், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியின் கட்டை தரையில் ஊன்றியிருந்தது. குழல் அவன் தோளில் சாய்ந்து, கண் அவன் தாடைக்கு அடியில். பின்னால் கயிற்றுக் கட்டிலில் கிழவனார் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நாங்கள் பார்க்கும்போதே ரத்தினம் குழலில் வாயை வைத்து, கன்னம் உப்ப ஊதினான். நிப்பிளுக்கு எதிரே விரலைக் காட்டிப் பார்த்தான். "காத்து வரலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுப்புக்குள் கையை விட்டு, துணி சுற்றிய கோணி ஊசியை எடுத்தான். அதன் நுனி சிவப்பாக இருந்தது.

என் தொண்டைவரை சத்தம் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது.

"நைனா" என்றார் காசிம் பாய். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. "திருவள்ளூர் கடையிலேர்ந்து வரேன். காலைலேர்ந்து ஒன்னும் சாப்புடல, பசி உயிரு போவுது. ஒரு வாய் சோறு கெடைக்குமா?"

ரத்தினம் நிமிர்ந்தான். ஊசி நிப்பிளுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. நனைந்த கைலியோடு வாசலில் நிற்கிற பெரியவரைப் பார்த்தான். பசி என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் எல்லை ஊர்க்காரன் கை மற்றதை விட்டுவிடும். "அய்யோ, வாங்க பாய், உள்ள வாங்க" என்றான். ஊசியை அடுப்புக்குள் போட்டான். துப்பாக்கியைச் சுவரோரம் கிடத்தினான். நொண்டிக்கொண்டே எழுந்து சட்டிப் பக்கம் போனான்.

நான் அந்தத் துப்பாக்கியை எப்படி எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. எடுத்து, கண்ணை வெற்றுக் கொல்லைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோனேன். அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. பாய் பின்னாலேயே வந்து, நிப்பிளின் மேல் கேன் தண்ணீரைக் கவிழ்த்தார். இரும்பு சுர்ரென்றது. ஆறும்வரை தள்ளி நின்று, பிறகு குழலுக்குள்ளும் ஊற்றினோம். அப்புறம் கடையில் செய்த அதே வேலை. ஊறவிட்டு, நிப்பிளைக் கழற்றி, திருகி இழுத்தோம். இதில் ஒரு மருந்துதான். அது போதாதா? நாரையும் ரவையையும் கறுப்புச் சேற்றையும் ஒரு தாம்பாளத்தில் எடுத்துக் கொட்டினோம். ரத்தினம் நொண்டிக்கொண்டே வந்து பார்த்தான். கன்னியம்மாவும் வந்துவிட்டாள்.

"மருந்துதான் நமுத்துப்போச்சே பாய். அது செத்த மருந்து" என்றான் ரத்தினம்.

"காய வெச்சல்ல?" என்றார் பாய்.

சோறு கேட்டவர் சாப்பிடாமல் போக முடியுமா? தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு வைத்தார்கள். எத்தனையோ வருஷமாக வெளியில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார். கை நடுங்கியது. பிசைந்தார், உருட்டினார், வாய்க்குக் கொண்டு போவதற்குள் பருக்கை எல்லாம் மடியில் கொட்டியது. இன்னொரு தரம் எடுத்தார், அதுவும் கொட்டியது. காலையிலிருந்து ஒரு தடவைகூட ஆடாத கை அது.

கன்னியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"பாய்" என்றாள். "காலைல நான் எடுத்தாந்ததுலயும் இது இருந்துச்சா?"

பாய் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சா பாய்? நீங்க ஏன் கொழந்த கன்னத்த தடவுனீங்க?"

"எறும்பு ஊர்ந்துச்சும்மா" என்றார்.

அவள் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தடம் எப்போதோ மறைந்திருந்தது. ஆனாலும் சரியாக அதே இடத்தில் விரலை வைத்தாள். அந்த விரல் வட்டமாகச் சுற்றியது. அவள் தரையில் உட்கார்ந்தாள். பெற்ற வயிற்றிலிருந்து வருகிற அழுகை அது, நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. குழந்தையும் பயந்து கத்தியது.

"ஏன் அழுவுற இப்போ?" என்றான் ரத்தினம். "அதான் ஒன்னியும் ஆவலயே!"

"டேய்!"

கூரையே அதிர்ந்தது. கிழவனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன். காசிம் பாய் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் தண்ணீர். வாய் திறந்தபடியே நின்றார்.

அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு துப்பாக்கியும் காலி என்று அவர் தன் கையால் அளந்து பார்த்துவிட்டார். அப்போது அந்த வீட்டில் யார் கையிலும் துப்பாக்கி இல்லை.